நெருப்பு சுடாத கால்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இனிப்பு தின்று காலைக் கெடுத்துக்கொண்டவள் இல்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் கால் கட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களில் போகிறவர் வருகிறவர் எல்லாம் முதலில் என் காலைப் பார்ப்பார்கள், அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் கேட்பார்கள்: "ஸ்வீட்டு நெறைய சாப்புடுவீங்களா?" ஒரு அம்மா கேட்டபோது, "ஆமா, எங்க ஊட்டுக்கு லாரி லாரியா வந்து எறங்கும்" என்றேன். அந்த அம்மா அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

என் காலுக்குக் கேடு வேறு வழியாக வந்தது. அது தெரியாமல் இன்னும் எத்தனையோ பேர் மஞ்சள் புடவை கட்டி விரதம் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்காக யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

என் பெயர் நிர்மலா. ஆரம்பாக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கழனி உண்டு, நெல் போடுகிறோம். அதை என் வீட்டுக்காரர் முனிரத்தினம் பார்த்துக்கொள்கிறார். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். கழனி கைவிட்டால் கம்பெனி, கம்பெனி கைவிட்டால் கழனி என்று குடும்பம் ஓடுகிறது. எனக்குச் சர்க்கரை இருப்பது மகள் பவானி பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தெரியும். மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். தலை சுற்றினால் போடுவேன், சுற்றாவிட்டால் விட்டுவிடுவேன். அவருக்கும் சர்க்கரை உண்டு. கேட்டால், "எனுக்கு லேசாத்தான் கீது" என்பார். எங்கள் ஊரில் யாருக்குமே சர்க்கரை பலமாக இருப்பதில்லை, எல்லோருக்கும் லேசாகத்தான் இருக்கும்.

கால் எனக்கு முன்கூட்டியே சொல்லிப் பார்த்தது. பஞ்சு மெத்தைமேல் நடப்பது போல இருக்கும். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒற்றைச் செருப்போடு இறங்கி, கேட் வரை நடந்துவிட்டேன். செக்யூரிட்டி சொல்லித்தான் பார்த்தேன். இன்னொரு நாள், அட்டைப்பெட்டிக்கு அடிக்கிற பித்தளைப் பின் ஒன்று என் ஷூவுக்குள் கிடந்திருக்கிறது. ஷிஃப்ட் முழுக்க அதன் மேலேயே நின்றிருக்கிறேன். ஷூவைக் கழற்றியபோது பின் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வலிக்கவில்லை. "உன் தோலு மாட்டுத் தோலுடீ" என்று லைனில் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பவானிக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைத்து வந்தார்கள். அதற்கு நான் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். ஆடியில் காப்பு கட்டினேன். காப்பு கட்டிவிட்டால் செருப்பு கூடாது, ஒருவேளைச் சாப்பாடு, பாயில் படுக்கக் கூடாது. சாப்பாடு இல்லாமல் மாத்திரை எதற்கு என்று அதையும் நிறுத்தினேன். இதெல்லாம் என் நாத்தனார் கஜலட்சுமியின் கண்காணிப்பில் நடந்தது. அவர் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், எங்களுடனேயே இருக்கிறார், பூஜை புனஸ்காரம் என்றால் போலீஸ்காரர் மாதிரி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

தீமிதி அன்று குண்டத்தில் கட்டை எரிந்து கங்கு பரப்பியிருந்தார்கள். வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மற்றவர்கள் ஓடினார்கள். நான் நடந்தேன். சுடவே இல்லை. கங்கின் வெளிச்சம் புடவையில் தெரிந்தது, முகத்தில் அனல் அடித்தது, கீழே மட்டும் ஈரமண்ணில் நடப்பது போல இருந்தது. அந்தப் பக்கம் பால் குழியில் கால் வைத்தபோது பெண்கள் குலவையிட்டார்கள். "அம்மா எறங்கிக்கினு வந்தாடா இவ மேல" என்று அக்கா என் காலில் விழுந்தார். ஆமாம், அந்தக் காலில்தான்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பார்த்தேன். இரண்டு பாதத்திலும் கொப்புளம். வலது பாதத்தின் ஓரம் தோல் வெளுத்துக் கழன்றிருந்தது. அப்போதும் வலிக்கவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து ஆள் இல்லை. தீமிதியில் கால் சுட்டால் விரதத்தில் குற்றம் என்று அர்த்தம். முந்தைய வருஷம் எதிர்வீட்டுப் பையனுக்குச் சுட்டது. கறி தின்றிருப்பான், பொண்டாட்டியோடு படுத்திருப்பான் என்று தெருமுனைக் குழாயடியில் அவன் மானம் போயிற்று. நான் ஒரு பருக்கை தப்பு செய்யாதவள். என் பெயர் அங்கே அடிபடுவதா? மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவினேன், சாக்ஸ் போட்டேன், கம்பெனி ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். வலிக்கிற கால் என்றால் ஒரு நாள்கூட அப்படி மறைத்திருக்க முடியாது.

வியாதி வெளியே வந்தது அக்காவால்தான். வெளியே வந்த விதமும் அழகாக இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஓடியிருக்கும். கூடத்தில் சிமெண்ட் தரையில் என் வலது காலடி மட்டும் ஈரமாக, மஞ்சளாகப் பதிந்திருந்தது. அக்கா அதன் மேல் குனிந்து மோந்து பார்த்தார். அப்புறம் என் முன்னால் உட்கார்ந்து சாக்ஸைப் பிடித்து இழுத்தார். சாக்ஸோடு தோலும் வந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. போச்சு, இனி ஊருக்கே தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, சத்தியமா நான் ஒரு தப்பும் பண்ல. விரதம் சுத்தமாத்தான் இருந்தேன்" என்றேன்.

"யாருடீ இப்ப அத்த கேட்டா?" என்று கத்தினார் அக்கா. "சாமிய அப்பால பாத்துக்கலாம். டேய் முனிரத்தினம், எங்கடா கீற? ஆட்டோவ இட்டா!"

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்டோ நடுவில் மாட்டிக்கொண்டது. அக்கா இறங்கிப்போய் ஒரு லாரி டிரைவரிடம் தெலுங்கில் சண்டை போட்டு வழி வாங்கினார். வீட்டுக்காரர் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு துண்டால் ஈ ஓட்டினார். அந்த நாற்றத்தில் அவர் ஒரு முறைகூட முகத்தைத் திருப்பவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

என் ஈ.எஸ்.ஐ. அட்டையைக் காட்டி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். காய்ச்சல் வேறு ஏறியிருந்தது. ரத்தம், மூத்திரம், எக்ஸ்ரே என்று ஒவ்வொரு கதவுக்கும் வெளியே ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு கூட்டம். காத்திருப்பதுதான் அங்கே பாதி வைத்தியம். வீல்சேரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்காரர், "இன்னா ஒரே பேஜாரா கீது, கழனிக்கு மருந்தடிக்கிறதுகூட சீக்கிரம் முடியும்" என்று முணுமுணுப்பார்.

டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே அழுத்தி, "தெரியுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன். முடித்துவிட்டதாகச் சொன்னார். அதிர்கிற கம்பி ஒன்றைக் கணுக்காலில் வைத்தார். அதுவும் தெரியவில்லை. முட்டிக்குக் கீழே வந்தபோதுதான் அதிர்ந்தது.

"நெருப்பு ஏன் சுடலைன்னு இப்பப் புரியுதாம்மா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "அம்மன் அருள் இல்லைன்னு சொல்றீங்களா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. உங்க கால்ல வலியைச் சொல்ற நரம்பு வேலை செய்யலை. அதுதான் எனக்குத் தெரியும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். உடம்பில் பெரிய ரத்தக் குழாயும் உண்டு, முடியைவிட மெல்லிய குழாயும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்த மெல்லிய குழாய்கள் கெட்டுப்போகும். ஏரியில் தண்ணீர் இருக்கும், மதகும் திறந்திருக்கும், கடைசிக் கழனிக்குப் போகிற கால்வாய் மட்டும் தூர்ந்திருந்தால் அங்கே பயிர் காயும் அல்லவா? அந்த மாதிரி. இந்த மெல்லிய குழாய்களை நம்பி முக்கியமாக மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று நரம்பு, அதிலும் நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும் என்பதால் பாதம்தான் முதலில் மரக்கும். மற்ற இரண்டும் கண்ணும் சிறுநீரகமும்.

அதனால் கால் வைத்தியத்துக்குப் போனவளைக் கண்ணுக்கும் அனுப்பினார்கள். "கண்ணு நல்லாத்தான் தெரியுது, அட்டைப்பெட்டில கீற பொடி எழுத்தக்கூட படிப்பேன்" என்று வாதாடினேன். சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். சிவப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். மெல்லிய குழாய்கள் கசிந்த இடங்களாம். இப்போதைக்கு லேசரும் ஊசியும் வேண்டாம், ஆனால் சர்க்கரையை அடக்கி, சொன்ன தவணையில் வந்து படம் எடுக்க வேண்டும், பார்வை மங்கும்வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும் என்றார்கள். மூத்திரத்தில் புரதம் கசிவதாக இன்னொரு ரிப்போர்ட் வந்தது. சிறுநீரகம் வேலை செய்கிறது, ஆனால் சல்லடையில் ஓட்டை விழ ஆரம்பித்திருக்கிறது. அதற்கு ரத்த அழுத்தத்தை அடக்க ஒரு மாத்திரை. உடம்பு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப்போடும் மாத்திரை இனி கூடவே கூடாது. கடந்த மூன்று மாதமாகச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லுமாம். டாக்டர் அந்த ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி, எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார், இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. மூன்று இடத்திலும் வேலை நடந்திருக்கிறது, ஒரு இடத்தில்கூடச் சத்தம் இல்லை. வலித்திருந்தால் சண்டைக்கு நின்றிருப்பேன். இப்படிப் பூனை மாதிரி வந்து பாலைக் குடித்துவிட்டுப் போகிற வியாதியை என்ன செய்வது? பக்கத்துக் கட்டில்காரம்மா, "எல்லாம் தலைவிதி, நம்ம கையில இன்னா கீது" என்றார். "கையில இல்ல, கால்ல கீது. கீறத காப்பாத்திக்கலாம், கொஞ்சம் சும்மா இரு" என்றேன்.

அந்த நாட்களில் பயந்தது ஒன்றுக்குத்தான். சீழ் எலும்புவரை போயிருக்கிறதா, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எடுத்திருந்தார்கள். சுண்டுவிரலோடு நின்றிருந்தால் விரல் மட்டும் போகும். தாண்டியிருந்தால் பாதி பாதம். அதையும் தாண்டியிருந்தால் அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேக்கிங் லைன் முழுக்க நின்று செய்யும் வேலை. பாதம் போனால் வேலை போகும், வரப்பில் நடக்க முடியாது, கழனிக்கும் ஆகமாட்டேன். அன்று வந்த சோறு அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் இட்லி வாங்கி வந்து, "நாஷ்டாவாவது துன்னு" என்று பிட்டுப் பிட்டு நீட்டினார். வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். அவர் முன்னால் அழக் கூடாது என்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சர்ஜன் வந்தார். பாதத்துக்கு வரும் பெரிய குழாய்களில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, அதனால் புண் ஆற வழி உண்டு, ஆனால் சுண்டுவிரல் எலும்பு அரித்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போட்டால் மேலே ஏறும் என்றார். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

நான் சொன்னேன்: "எடுக்குறத எடுத்துக்கங்க டாக்டர். மீதிய எங்கிட்ட பத்திரமா குடுத்துடுங்க. மெட்டி போடுற வெரலு இல்லியே, போனா போவுது."

ஆபரேஷன் தியேட்டரில் காலை மரக்கவைக்க ஊசி எடுத்தார்கள். "மரத்த காலுக்கு இன்னாத்துக்கு ஊசி?" என்று கேட்டேன். முகமூடிக்குள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கவைத்துவிட்டேனே தவிர, என் கை கட்டில் விளிம்பை விடவில்லை.

விரல் போனது. பாதம் நின்றது.

அப்புறம் தினமும் டிரெஸ்ஸிங். செத்த சதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, உப்பு நீரில் கழுவிக் கட்டுவார்கள். இன்சுலின் போட்டார்கள். இன்சுலின் போட்டால் அவ்வளவுதான், கடைசிக் கட்டம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். பொய். எனக்குப் புண் ஆறியதே அதனால்தான். எலிசபெத் என்று ஒரு சிஸ்டர், வள்ளூர்க்காரர். வீட்டுக்காரரின் கையைப் பிடித்து ஊசி போடப் பழக்கினார். மாட்டுக்கு ஊசி போட்ட கை, முதலில் பயந்து பயந்து குத்தியது. புண்மேல் பாரம் விழாமல் நடக்க ஒரு கட்டும் தடியும் கொடுத்தார்கள். அலைந்த ஆட்டோவுக்கும் வெளியே வாங்கிய மருந்துக்கும் என் சம்பளமில்லா நாட்களுக்கும் சேர்ந்து குடும்பம் நன்றாகவே தேய்ந்தது. வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. கழனிக்கு வாங்க வைத்திருந்த மோட்டாரை வாங்கவில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

ஊரில் என்ன பேசினார்கள் என்று கேட்கவே வேண்டாம். விரதம் கெட்டதால் அம்மன் விரலை வாங்கிவிட்டாள் என்று கிளம்பியிருக்கிறது. அக்கா ஒரு நாள் சாயங்காலம் குழாயடிக்குப் போய், குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாராம். "அவ கால்ல இருந்தது குத்தம் இல்ல, சக்கர. எவளுக்குச் சந்தேகம்னாலும் எங்கிட்ட வா" என்று சொன்னாராம். அன்றைக்குத் தண்ணீர் பிடிக்க முடியாமல் பாதிப் பேர் திரும்பிப் போனார்களாம். பவானி போனில் சொன்னபோது கட்டிலில் படுத்தபடியே விழுந்து விழுந்து சிரித்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது எலிசபெத் சிஸ்டர் ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக் கருவி எதுவும் வேண்டாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை விரலால் லேசாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. தொட்டது தெரியவில்லை என்று இரண்டு இடத்திலோ அதற்கு மேலோ வந்தால் நேரே டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சூப்பர்வைசர் ஸ்டூல் தர மறுத்தார். டாக்டர் எழுதியதைக் காட்டி, தரும்வரை அவர் மேஜைப் பக்கத்திலேயே நின்றேன். தந்தார். மெத்து ரப்பர் அடி வைத்த செருப்பு வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குள்ளும் அதுதான், அடுப்படியிலும் அதுதான். வீட்டுக்குள் செருப்போடு நடக்கிறாள் என்று வருகிற விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும். ஷூவை மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுகிறேன். தினமும் பாதத்துக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பார்க்கிறேன். வெந்நீரைக் காலில் ஊற்றும் முன் முழங்கையால் தொட்டுப் பார்க்கிறேன். மரத்தது மறுபடி முழுசாக உயிர் பெறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, காலுக்குத் தெரியாததைக் கண்ணால் தெரிந்துகொள்கிறேன்.

சென்ற மாதம் கோயிலில் தீமிதிக்குக் கூட்டம் போட்டார்கள். போய்விட்டு வந்த வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபடி சொன்னார்: "இந்த வருசம் நான் காப்பு கட்டிக்கிறேன்."

"எதுக்கு?"

"ஒன்ன ஆபரேசனுக்கு உள்ள இட்டுனு போனாங்களே, அப்ப வேண்டிக்கினேன். கால வுட்டுட்டு வெரலோட போவட்டும் தாயே, நான் நெருப்புல எறங்குறேன்னு."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் சாமியிடம் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. மழைகூடக் கேட்டதில்லை. அவர் மேல் அப்படி ஒரு ஆசை வந்தது. கூடவே பயமும் வந்தது.

"ஒக்காரு" என்றேன். "கட்டில்ல ஒக்காந்து கால நீட்டு. கண்ண மூடு. தொட்டா, எந்தக் காலுன்னு சொல்லு."

"எனுக்கு லேசாத்தான் கீது" என்று ஆரம்பித்தார். முறைத்தேன். மூடிக்கொண்டார்.

வலது பெருவிரலைத் தொட்டேன். நடுவிரலைத் தொட்டேன். சுண்டுவிரலைத் தொட்டேன். இடது காலுக்கு வந்தேன். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏதோ விளையாட்டு நடக்கப்போவது மாதிரி உதட்டோரம் சிரிப்போடு காத்திருந்தார். எல்லா விரலையும் முடித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாமே, தொடுவியா மாட்டியா?" என்றார். "எத்தினி நேரம் கண்ண மூடிக்கினே கீறது? மாட்ட அவுக்கணும்."

சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நான் அழவில்லை. எழுந்துபோய்க் கொடியில் கிடந்த சட்டையை எடுத்து அவர் மேல் போட்டேன்.

"மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இன்னாமே ஆச்சு? அப்ப வேண்டுதலு?"

"அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். இந்த ஊட்டுலேர்ந்து ஒரு ஜோடி காலு நெருப்புல எறங்கி வெரல குடுத்துட்டு வந்துடுச்சி. இன்னொரு ஜோடிய நான் தரமாட்டேன்னு சொல்லிடுறேன். கோவம்னா எம்மேல காட்டட்டும்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து, வழக்கம்போல வெறுங்காலோடு வாசற்படி தாண்டினார்.

"செருப்பு!" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.